ஓடுவது எளிது, நிற்பதே வித்தை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடுமியான்மலையில் கண்மாய்க்கரை மேல் நாம் காற்று வாங்க நடந்துகொண்டிருந்தோம். "ஒதுங்குங்க சார், ஒதுங்குங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு விசித்திர வாகனம் நம்மைக் கடந்து சரிவில் இறங்கிற்று. முன்னால் இரண்டு சக்கரங்கள், பின்னால் ஒன்று. நடுவே சாய்வு நாற்காலியில் படுத்த பாவனையில் ஓர் இளைஞன் கால்களை முன்னே நீட்டி மிதித்துக்கொண்டிருந்தான். சரிவின் அடியில் பாதை திரும்பும் இடத்தில் வாகனத்தின் பின்புறம் ஒரு பக்கமாகச் சுழன்றது. கடைசியில், ஓரத்தில் நின்ற கருவேலம் புதர்தான் அதைத் தடுத்து ஆட்கொண்டது.

ஓடிச் சென்று தூக்கிவிட்டோம். முள் கீறல்களைத் தவிர ஆபத்து ஒன்றுமில்லை. பார்த்தால், நமது பழைய மாணவன்! சட்டையிலிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடியே, "சார், வண்டி நல்லா ஓடுது. நிக்கத்தான் மாட்டேங்குது" என்றான்.

சிரிப்பதற்குரிய பேச்சுத்தான். ஆனால் வண்டியின் வரலாற்றைக் கேட்டபின் நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தகப்பனாருக்கு இரண்டு வருஷங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. சிகிச்சையால் கால்களுக்கு மிதிக்கும் வலு ஓரளவு திரும்பிற்று. ஆனால் இரண்டு சக்கரத்தின் மேல் சமநிலை காக்கும் சக்தி திரும்பவில்லை. இடது கையின் பிடியும் தளர்ந்துபோயிற்று. முப்பது வருஷம் சைக்கிளிலேயே வயலுக்குப் போய் வந்தவர் திண்ணையோடு நின்றுவிட்டார். அவர் விழாமல் ஓட்டத்தக்க வண்டி ஒன்று செய்ய வேண்டும் என்று மகன் பழைய சைக்கிள்கள் இரண்டை அறுத்து, வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்து, நாற்காலியும் கட்டிவிட்டான். பிரேக்குக்கு மாத்திரம் கையில் காசு மிஞ்சவில்லை. பின்சக்கரத்தில் பழைய கம்பிப் பிரேக்கு ஒன்றை மாட்டித் திருப்தியடைந்துவிட்டான்.

வீட்டிலே வண்டி செய்ய நினைக்கும் நேயர்களுக்கெல்லாம் பயன்படும் விஷயமாதலால், இவ்வாரம் அந்தப் பிரேக்கைப் பற்றியே எழுதலாம் என்று நினைக்கிறோம்.

படுத்தபடி மிதிக்கும் வண்டி புதிய பைத்தியமன்று. 1933-ஆம் வருஷத்தில், பிரெஞ்சு நாட்டில் சார்ல் மோஷே என்பவர் செய்த இவ்வகை இருசக்கர வண்டியில் ஏறிப் பிரான்ஸிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகவே ஓட்டி, அதுவரையிலிருந்த சாதனையை முறியடித்தார். உடல் தாழ்ந்து கிடப்பதால் காற்றின் எதிர்ப்புக் குறைவு, வேகம் அதிகம். மறு வருஷமே சர்வதேசச் சைக்கிள் சங்கம் இத்தகைய வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவைத்தது. பந்தயத்துக்கு ஆகாதது வயதானவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் ஆகாது என்று யாரும் சொல்லவில்லையே! மூன்றாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் விழுமோ என்ற பயமும் போய்விடுகிறது. பெல்பாஸ்ட் நகரத்து டன்லப், தமது சிறு மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்து, 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அங்கே மகனுக்காகத் தகப்பனார் உழைத்தார்; இங்கே தகப்பனாருக்காக மகன் உழைக்கிறான்.

சக்கரம் ஒரு மனிதருக்கு என்ன தரும் என்பதைப் புதுக்கோட்டைச் சீமைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1991-ஆம் வருஷத்திலும் அதை அடுத்தும், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தின் ஓர் அங்கமாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். குடுமியான்மலைக் கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் அவர்களில் உண்டு. தாங்கள் கற்றதோடு பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். முன்பட்டையில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி எடுத்தவர்களும் பலராம். பிறர் தயவை எதிர்பாராமல் போகவும் வரவும் முடிவதுதான் சுதந்திரத்தின் முதற்பாடம். அந்தப் பாடத்தில் "போக" என்பதற்கு அடுத்தபடியாக "நிற்க" என்பதும் இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். முன்னால் இரண்டு சக்கரமுள்ள இவ்வகை வண்டியில், ஓட்டுகிறவருடைய பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. பிரேக்குப் பிடித்தால் பாரம் இன்னும் முன்னே சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது தரையைப் பற்றாது, வழுக்கும். ஆகவே பின் பிரேக்கை மாத்திரம் நம்பி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், உலர்ந்த நல்ல ரஸ்தாவிலும், பிரேக்குப் பிடித்தபின் நிற்பதற்கு ஏறக்குறைய 19 மீட்டர் தூரம் வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டிலும் நல்ல பிரேக்கு இருந்தால் 7 மீட்டரில் நின்றுவிடலாம். நடுவிலுள்ள 12 மீட்டரில் ஒரு மாடு வரலாம். ஒரு குழந்தை வரலாம். அன்றைக்குக் கருவேலம் புதர் வந்தது பாக்கியம்.

"அவசரமானால் காலை ஊன்றி நிறுத்திக்கொள்ளலாமே" என்று நினைப்பவர்களும் உண்டு. சாதாரண சைக்கிளில் அது செல்லும். இங்கே நாற்காலி தரையோடு ஒட்டித் தாழ்ந்திருக்கிறது. கால் முன்னே நீண்டிருக்கிறது. ஓடும்போது பாதம் தரையில் பட்டால் வண்டி அந்தக் காலின் மேலேயே ஏறி, அதை அடியில் இழுத்து மடக்கிவிடும். ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் நழுவியதே தெரியாமல் போகலாம். ஆதலால் பெடலில் குதிகாலைத் தாங்கும் கிண்ணமும் பாதத்தைப் பிடிக்கும் வாரும் கட்டாயம் வேண்டும். காலைப் பிரேக்காக எண்ணவே கூடாது.

அப்படியானால் முன்சக்கரங்களுக்கு எந்தப் பிரேக்கு? இங்கேதான் வீட்டுத் தச்சர்களும் பட்டறைக்காரர்களும் விழிக்கிறார்கள். நம்மூர்ச் சைக்கிளின் கம்பிப் பிரேக்கு, சக்கரத்தை இருபுறமும் தாங்கும் போர்க்கை அண்டி நின்று ரிம்மை அழுத்துவது. நமது மாணவனின் வண்டியிலோ முன்சக்கரங்கள் ஒரு பக்கத்து அச்சிலே மட்டும் தொங்கின. பிரேக்கை நிறுத்துவதற்கே இடமில்லை. மேலும் முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர்க் கட்டை வழுக்கும் என்பது மழை நாளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கெல்லாம் தெரியும்.

டயரின் மேலேயே ஒரு கட்டையை அழுத்தலாமா என்று கேட்டான். ஆதிகாலச் சைக்கிள்களில் அப்படித்தான் செய்தார்கள். டயர் தேயும், சேறு பட்டால் பிடி இராது. நின்ற வண்டி நகராமலிருக்க வேண்டுமானால் அது உதவும். ஓடும் வண்டியை நிறுத்த உதவாது.

பட்டைப் பிரேக்கு என்று ஒன்றுண்டு. சக்கரத்தோடு சுற்றும் ஓர் உருளையைத் தோலோ வேறு உராய்வுப் பொருளோ ஒட்டிய எஃகுப் பட்டை சுற்றிவளைத்து இறுக்குவது அது. முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் சிறு பையனும் அதைப் பிடித்து நிறுத்துகிறான் அல்லவா? அதே தத்துவம். பட்டை உருளையில் முக்கால் சுற்றுத் தழுவியிருந்தால், இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இறுக்கம் மறுமுனையில் கிடைக்கும். ஆனால் உருளை ஒரு திசையில் சுற்றும்போதுதான் இந்த லாபம். எதிர்த்திசையில் சுற்றினால் நான்கு மடங்கு நான்கில் ஒன்றாகிவிடும். மேட்டில் நின்ற வண்டி பின்னோக்கி உருளும்போது அது கைவிட்டுவிடும். பின்சக்கரத்துக்கு இரண்டாவது துணையாக இதை வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்தும் கொள்ளலாம். முதற் பிரேக்காக இது ஆகாது.

தட்டுப் பிரேக்கு இப்போது சாதாரணச் சைக்கிள்களிலும் வருகிறது. நல்லதுதான். ஆனால் தட்டுக் கோணாமலிருக்க வேண்டும். அதற்கென்று துளையிட்ட ஹப் வேண்டும். ஒரு பக்கத்து அச்சு கனமாக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் இவ்வகை வண்டி செய்வோர் பலர், ஒரு பக்கத்திலேயே தாங்கும்படி செய்யப்பட்ட 70 அல்லது 90 மில்லிமீட்டர் சைக்கிள் டிரம் பிரேக்குகளை வாங்கிப் பூட்டுகிறார்கள். நமது மாணவனின் கைக்கு அவை எட்டவில்லை.

எட்டியது வேறொன்று. காயலான் கடையில் பழைய மொபெட்டுகளின் முன்சக்கரங்கள் டிரம்மோடு கிடைத்தன. இந்தச் சக்கரத்துக்கு ஒரு வமிசாவளி உண்டு. 1962-இல் சென்னையை அடுத்த பாடியில், கனரக வாகனங்களுக்குக் காற்றுப் பிரேக்குச் செய்வதற்கென்று ஏற்பட்டது சுந்தரம்–கிளேட்டன் கம்பெனி. அதன் மொபெட் பிரிவிலிருந்துதான் 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பிரேக்குச் செய்தவர்கள் பிறகு வண்டி செய்தார்கள்! வண்டியைச் செய்துவிட்டுப் பிரேக்கைத் தேடுகிற நாம் கவனிக்க வேண்டிய வரிசை இது.

டிரம் பிரேக்கில் ஷூக்கள் மூடிய கிண்ணத்துக்குள் இருப்பதால் மழையும் புழுதியும் எளிதில் உட்புகா. தேய்ந்தால் மாற்று ஷூ அன்னவாசலிலோ இலுப்பூரிலோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும். ஆனால் இச்சக்கரத்தின் அச்சு இருபுறமும் தாங்கப்படுவதற்காகச் செய்தது. ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிட்டால் நாளடைவில் வளையும்; ஒரு நாள் ஒடியும். ஆகவே ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனியாகக் குட்டையான ஒரு போர்க் வைத்து, இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்துத் திருப்பும்படி செய்யச் சொன்னோம். கனம் சிறிது கூடும். அதற்கு ஈடாக ஒரு லாபமும் உண்டு: போர்க் திரும்பும் அச்சு சக்கரத்தின் நடுவிலேயே செல்வதால், பிரேக்குப் பிடிக்கும்போது கைப்பிடி வெடுக்கென்று ஒரு பக்கம் இழுக்காது.

ஷூக்களைத் தாங்கும் மூடித்தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல், போர்க்கில் ஒரு தடுப்புக் காது வைத்து ஒட்ட வேண்டும். மொபெட்டின் போர்க்கில் அது இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதை மறந்தால் முதல் தடவை பிரேக்குப் பிடித்ததுமே தட்டுச் சுழன்று கேபிளை அறுத்துவிடும்.

அடுத்த சிக்கல் தகப்பனாரின் கை. பிடிமானமுள்ள கை வலது கை ஒன்றே. ஒரே பிடியால் இரண்டு முன்சக்கரங்களையும் சமமாக நிறுத்த வேண்டும். ஒரு சக்கரம் முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். இதற்கு உபாயம் நம் வீட்டு மாட்டுக்கொட்டகையிலேயே இருக்கிறது. அதுதான் நுகத்தடி. கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிளை விரல் நீளமுள்ள எஃகுத் துண்டு ஒன்றின் நடுவில் கோத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கேபிள்களைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கத்து ஷூ அதிகமாகத் தேய்ந்திருந்தால் நுகம் சற்றுச் சாயும். இழுப்பு மட்டும் இரு பக்கமும் சமமாகவே போகும். சங்கீதக் கல்வெட்டுக்குப் பேர்போன இவ்வூரில், இரண்டு கம்பிகளுக்குச் சுருதி சேர்ப்பது பெரிய காரியமா!

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு கேபிள் அறுந்தால் நுகம் ஒரேயடியாகச் சாய்ந்து மற்றதையும் தளர்த்திவிடும். ஆகையால் அளவுக்கு மேல் சாயாதபடி இரு புறமும் தடுப்பு முளை வைக்க வேண்டும். அதற்கும் மேலாக, பின்சக்கரத்தில் தனிக் கேபிளும் தனிப் பிடியும் உள்ள இரண்டாவது பிரேக்கு ஒன்று வேண்டும். அந்தப் பிடியை வலது தொடைக்குப் பக்கத்தில் வைத்து, இழுத்து மாட்டிவிட்டால் நிற்கும்படி ஒரு கொக்கியும் வைத்தால், வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அது நகராது. தள்ளாடுகிறவருக்கு இது சிறிய சௌகரியமன்று. பட்டைப் பிரேக்கானால், பின்புறமாக உருளும் மேட்டில் கொக்கியை நம்பாமல் ஒரு கல்லையும் அண்டைக் கொடுப்பது நலம்.

திருவிழாவில் தேர் பார்த்தவர்களுக்கு இவையெல்லாம் புதிதாகத் தோன்றா. தேரை இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அதை நிறுத்தவும் திருப்பவும் வல்லவர்கள், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஒரு சிலர்தாம். "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் வசைச்சொல்லாக வழங்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்த திரவ அழுத்தப் பிரேக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆயிரம் கைகள் இழுக்கும் தேரானாலும் நிறுத்தும் கருவி இல்லாமல் நிலையை விட்டுக் கிளப்புவதில்லை.

மலிவு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1929-இல் மேம்பட்ட இராட்டினம் ஒன்றுக்கு அகில பாரத நூற்போர் சங்கத்தின் பேரால் காந்தியடிகள் லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவித்தார். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்பதோடு நிபந்தனைகள் முடிந்துவிடவில்லை. இருபது வருஷம் உழைக்க வேண்டும், வருஷாந்தரப் பழுதுபார்க்கும் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்றும் இருந்தன. மலிவுக்குச் சரியான இலக்கணம் அதுதான். வாங்கும் நாளில் மட்டும் மலிவாயிருந்து, பழுதானால் பட்டணம் போக வேண்டிய சாமான் மலிவானதன்று. இரண்டு ஊருக்கு அப்பால் மாற்று ஷூ கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அதே சமயம், எல்லாவற்றையும் கையாலேயே செய்துவிட வேண்டும் என்ற வீம்பும் ஆகாது. நுகம், தடுப்புக் காது, கொக்கி, பிடியைத் தாங்கும் தண்டு ஆகியவற்றைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், மறுநாள் வேறு செய்யலாம். ஷூவின் உராய்வுப் பட்டை, கேபிள், அச்சு ஆகிய மூன்றையும் புதிதாக விலைக்கு வாங்க வேண்டும். பழைய டயர்த் துண்டை ஷூவில் ஒட்டுவதும், அறுந்த கேபிளை முடிச்சுப் போடுவதும் சிக்கனமாகா. நாற்காலிக்குக் கோணித்துணி போதும். வர்ணம் பூசாவிட்டாலும் குற்றமில்லை. பணம் குறைந்தால் அங்கே குறைத்துக்கொள்ளலாம்.

குடுமியான்மலையைச் சுற்றியுள்ள பாதைகளுக்கு இந்த ஏற்பாடு போதும். மலைப்பாதைக்குப் போதாது. ஆளும் வண்டியுமாக 110 கிலோ எடை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அதன் சக்தி முழுவதையும் பிரேக்கே விழுங்குவதாக வைத்துக்கொண்டால், பிறக்கும் சூடு மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் உயரம் அதற்கும் அதிகம். சிறிய டிரம் அவ்வளவு சூட்டில் பிடியை இழந்துவிடும். அங்கே ஓட்ட விரும்புகிறவர்கள் பெரிய பிரேக்கும், இடையிடையே நின்று ஆறவிடும் பொறுமையும் தேடிக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பரீட்சை. வண்டியில் ஆளை உட்காரவைத்துப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். முன்சக்கரங்கள் உருளக் கூடாது. இரண்டாவது, கேபிள்களின் முனைகளையும் ஒட்டுகளையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, சமதரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, மெதுவாகத் தொடங்கி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை வந்து கோட்டில் பிரேக்குப் பிடித்து, நின்ற தூரத்தை அளக்க வேண்டும். நாலு மீட்டருக்குள் நேராக நின்றால் தேர்ச்சி. பிறகு தரையையும் சக்கரத்தையும் நனைத்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு முறை. இவ்வளவும் முடிகிறவரை மகனே ஓட்ட வேண்டும். தகப்பனார் திண்ணையில்தான் இருக்க வேண்டும்.

நமது மாணவன் மூன்று வாரங்கள் பட்டறையிலேயே கிடந்தான். முதல் பரீட்சையில் வண்டி இடப்புறம் இழுத்தது; ஒரு கேபிளின் உறை முனை சரியாக உட்காரவில்லை. இரண்டாவது ஞாயிறு ஆறு மீட்டர். மூன்றாவது ஞாயிறு நாலுக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகும் அவன் அவசரப்படவில்லை. நனைந்த தரையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தகப்பனாரைக் கூப்பிட்டான்.

பெரியவர் வலது கையால் பிடியை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். தெருக்கோடிவரை மெதுவாகப் போய்த் திரும்பினார். நம் எதிரே வந்ததும் வண்டி அரவமின்றி நின்றது. "வாத்தியாரய்யா, நான் நெனச்ச எடத்துல நிக்குதுங்க" என்றார். ஓடியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையில் அந்த வண்டி வயல் வரப்பின் ஓரத்தில், கொக்கி மாட்டி, சக்கரத்துக்கு ஒரு கல்லும் அண்டைக் கொடுத்து நின்றுகொண்டிருந்ததைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தோம்.